டிரெஸ்ஸிங் அக்காவின் போன்

வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் அவர். வயது ஐம்பத்து மூன்று. ஏஜென்சியில் இருந்த நான்கு நர்ஸ்களில் மூத்தவர் என்பதால் டாக்டரிலிருந்து அடுக்குமாடி வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் டிரெஸ்ஸிங் அக்கா. தோளில் ஒரு நீலப் பை. அதில் பஞ்சு, காஸ் துணி, கத்தரி, மருந்துப் பாட்டில்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் ஏழு வீடு, எட்டு வீடு.

நோயாளிகளை டாக்டர் நேரில் பார்ப்பது மாதம் ஒருமுறைதான். மற்ற நாட்களில் அக்காவின் கண்தான் அவர் கண். முன்பெல்லாம் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் வைத்து, பேனாவால் ஓரம் வரைந்து, ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். போனில் படம் எடுக்கும் வழக்கம் வந்தபிறகு அது போயிற்று. நோயாளியின் பெயர், வயது, தேதி எழுதிய சீட்டைப் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, டாக்டருக்கு அனுப்பிவிட வேண்டும். எடுப்பது அக்காவின் சொந்த போனில்.

"ஆபீஸ்ல ஒரு போன் வாங்கிக் குடுங்களேன் சார்," என்று ஒருமுறை மேனேஜரிடம் கேட்டார்.

"அக்கா, உங்க கையில இருக்கறது என் போனைவிட நல்ல போன். அதை வெச்சுக்கிட்டு இன்னொண்ணு எதுக்கு? பையில இடம் இருக்கா?" என்று மேனேஜர் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த நல்ல போன் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது.

அக்காவின் கணவர் இறந்து பதினோரு வருடம். ஒரே மகள், கல்யாணமாகி அதே ஊரின் மறுகோடியில் மாமியாரோடு இருந்தாள். பஸ்ஸில் போனால் ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவுதான் தூரம். ஆனால் சும்மா போய் நிற்க முடியுமா? கூப்பிட்டால் போகலாம். மகள் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு போன் செய்வாள். ஆறு நிமிடம், ஏழு நிமிடம். சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு, அத்தைக்குச் சளி, அவருக்கு வேலை ஜாஸ்தி. அதற்குமேல் பேச்சு ஓடாது. அக்கா நாள் முழுக்கப் பார்ப்பதெல்லாம் அடுத்தவர் ரகசியம். அதில் எதை எடுத்து மகளிடம் சொல்வது? யார் வீட்டில் யார் படுக்கையில் என்பதை வாசல்படி தாண்டினதும் மறந்துவிட வேண்டும் என்பது அவர் தொழில் தொடங்கிய நாளில் வைத்துக்கொண்ட கணக்கு.

அதனால் படம் எடுத்து அனுப்பினார். பஸ்ஸுக்கு அடியில் தூங்கும் நாய். பாதியாக நறுக்கின எலுமிச்சம்பழம். படிக்கட்டில் விரித்து உலர்த்திய குடை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு படம், அவரே பார்த்துப் பொறுக்கி. அவை மகள் வீட்டு டிவியில், யாரும் எதுவும் பார்க்காதபோது, ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். "அந்த நாய் படம் நல்லா இருந்துச்சும்மா," என்று மகள் ஒரு ஞாயிறு சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் அக்காவுக்கு ஒரு வாரம் ஓடியது.

புது டிவி வந்தபோது மாப்பிள்ளை அக்காவின் போனை வாங்கி ஏதோ தட்டினார். "இனிமே நீங்க அனுப்பக்கூட வேணாம் அத்தை. எடுத்தாலே இங்க வந்துடும்."

நல்லதுதானே என்று அக்காவும் தலையாட்டினார். எடுத்தாலே வரும் என்றால் எல்லாமே வரும் என்று அந்த வீட்டு ஹாலில் இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது அக்கா பார்த்துவந்த நோயாளிகளில் டிரைவிங் மாஸ்டர் ஒருவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். பள்ளி கீழே, குடியிருப்பு மாடியில். சுவர் முழுக்க ரோட்டுக் குறிகளின் படங்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்க்கரை வியாதியில் வலது கால் கட்டைவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன. வெளியே யாருக்கும் தெரியாது. "சுளுக்கு," என்று சொல்லிவைத்திருந்தார். கீழே அவரிடம் வேலை செய்த இன்னொருவர் பாடம் நடத்தினார். மாஸ்டர் காரில் ஏறியே இரண்டு மாதம் ஆகியிருந்தது. புண் ஆறி, அதற்கென்று செய்யும் ஷூ போட்டு, டாக்டர் சரி என்றபிறகுதான் திரும்ப ஓட்டுவது என்று இருந்தார். உண்மை தெரிந்தது டாக்டருக்கு, அக்காவுக்கு, அடுத்த தெருவில் இருந்த தம்பிக்கு, மேனேஜருக்கு. தம்பிதான் இரண்டு வேளை சாப்பாடு கொண்டுவந்து, காலில் தண்ணீர் படாமல் குளிப்பாட்டிவிட்டுப் போவார்.

"எட்டு விரல் இருக்கே அக்கா. மெஜாரிட்டி இன்னும் எனக்குத்தான்," என்பார் மாஸ்டர், அக்கா கட்டுப் பிரிக்கும்போது. வலி தெரியாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்.

முதல் தடவை படம் எடுத்தபோது கேட்டார்: "இதை யார் யார் பாப்பாங்க?"

"டாக்டரும் நானும்தான் மாஸ்டர்."

"அப்ப சரி," என்று காலை நீட்டினார்.

புது டிவி வந்த அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. ஞாயிறு இல்லாமல் வேறு நாளில் அவள் கூப்பிட்டதில்லை. ஒரு வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த அக்கா பாதியில் நின்றார்.

"என்னம்மா, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை அத்தை பக்கத்துலயே இருந்தாங்க, இதைப் பேச முடியல. நீ என்னென்ன படமெல்லாம் எடுத்து வெச்சிருக்க? சனிக்கிழமை அத்தை கீழ்வீட்டு அம்மாவை டீக்குக் கூப்பிட்டிருந்தாங்க. குடை வருது, எலுமிச்சம்பழம் வருது, திடீர்னு டிவி முழுக்க ஒருத்தர் கால்! அத்தைக்கு அன்னைக்கு முழுக்கச் சோறு இறங்கல."

"எந்தக் கால்?"

"எந்தக் கால்னா கேக்கற? ரெண்டு விரல் இல்லாத கால்மா."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பக்கத்துல சீட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. பேரு, வயசு எல்லாம். கீழ்வீட்டு அம்மா எழுந்துபோய் எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க. உங்க பக்கம் இருக்கற அவங்க பொண்ணு அவர்கிட்டதான் டிரைவிங் கத்துக்கறாளாம். இவருக்குச் சுளுக்குன்னுல்ல சொன்னாங்கன்னு ஒரே ஆச்சரியம். முதல்ல அதையெல்லாம் எடுத்துடும்மா. எனக்கு அவமானமா இருக்கு."

"சரிம்மா," என்றார் அக்கா.

எடுப்பது எப்படி என்று தெரியாததால் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த போன் கடைக்குப் போனார். கடைக்காரர் போனை வாங்கி விரலால் தள்ளினார். முதல் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடடா, இப்போது இவரும் பார்த்தாகிவிட்டதே என்று அக்கா சட்டென்று திரையை உள்ளங்கையால் மூடினார்.

"பாக்காம எப்படிக்கா எடுக்கறது?" என்று கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். "இந்த மாதிரி ஆயிரத்து நூத்துச் சொச்சம் இருக்கு. உங்க போன்ல மட்டும் இல்ல. மாப்பிள்ளையோட கணக்குக்கு ஏறியிருக்கு. அங்கேருந்து டிவி, அவங்க வீட்டு லேப்டாப், எது எது சேந்திருக்கோ அதுல எல்லாம் திறந்தா தெரியும். நீங்க எந்த நேரத்துல எந்தத் தெருவுல எடுத்தீங்கங்கறதுகூடப் படத்துலயே இருக்கு பாருங்க."

பார்த்தார். அவர் போன ஒவ்வொரு வீடும் ஒரு சின்ன வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக இருந்தது. அவர் மறந்துவிட்டதாக நினைத்த வீடுகளெல்லாம்.

அங்கிருந்து நேரே ஏஜென்சிக்குப் போனார். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க போன், உங்க மாப்பிள்ளை, உங்க மக வீட்டு டிவி. இதுல ஏஜென்சி எங்க வருது?"

"படம் எடுக்கச் சொன்னது ஏஜென்சிதானே சார்?"

"சத்தமா பேசாதீங்க. மாஸ்டருக்கு இது எப்படி வெளிய போச்சுன்னு தெரியவா போகுது? ஆறின புண்ணை நீங்களா போய்க் கீறாதீங்க."

"அவருக்கு இன்னும் ஆறல சார்," என்றார் அக்கா.

வியாழக்கிழமை மாஸ்டர் வீட்டு முறை. வழக்கமாகக் கீழே நான்கைந்து பேர் வகுப்புக்குக் காத்திருப்பார்கள். அன்று ஒருவர்கூட இல்லை. மாடிக் கதவு திறந்தே இருந்தது. மேஜையில் ஒரு ரொட்டிப் பாக்கெட், பாதி காய்ந்து. மாஸ்டர் மழிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜோக் ஏதும் சொல்லவில்லை. அக்கா குனிந்து பார்த்தால் காலில் கட்டு ஈரமாக இருந்தது.

"தம்பி வரலையா மாஸ்டர்?"

"வர வேணாம்னுட்டேன்." ரொட்டிப் பாக்கெட்டை ஒதுக்கித் தள்ளினார். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சு அக்கா. போன வாரம் ரெண்டு விரல்னு பேசினாங்க. இந்த வாரம் காலே இல்லையாம். கால் இல்லாதவன்கிட்ட யார் கார் கத்துப்பாங்க? டாக்டர் சொல்லமாட்டார். உங்க ஆபீஸ்காரருக்கு இதுல என்ன லாபம்? நீங்க சத்தியமா சொல்லமாட்டீங்க. மிச்சம் இருக்கறது ஒருத்தன்தானே? கூடப் பொறந்தவன். சொல்லலைன்னு அழறான். அழட்டும். இனிமே இந்தப் படி ஏறாதேன்னு சொல்லிட்டேன்."

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிற வாய் எந்த ஊரிலும் இருக்கிறதுதான். ஆனால் அந்த ஈர் எங்கிருந்து விழுந்தது என்று அந்த அறையில் அக்காவுக்குத்தான் தெரியும். அந்த நிமிடமே சொல்லிவிடலாம். சொன்னால் காலைத் தொட விடமாட்டார். இரண்டு நாள் ஈரத்தில் ஊறி விளிம்பு வெளுத்துப்போயிருந்தது புண். அதனால் முதலில் கட்டைப் பிரித்தார். கழுவினார், மருந்து வைத்தார், காஸ் துணியை மடித்து வைத்துப் புதுக்கட்டுப் போட்டார். இருபது நிமிடம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடம் கிடையாது. கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி சொல்லல மாஸ்டர். என்னாலதான்."

போன், மாப்பிள்ளை, டிவி, கீழ்வீட்டு அம்மா என்று வரிசையாகச் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்ற வார்த்தையை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார். அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால் பரவாயில்லை என்று அவரைச் சொல்லவைப்பது போலாகிவிடும்.

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார்.

"எத்தனை இன்ச் டிவி?"

"ஐம்பத்தஞ்சு."

"அப்ப நல்லாவே தெரிஞ்சிருக்கும்."

ஆமாம் என்று அக்கா தலையசைத்தார்.

"நீங்க சத்தியமா சொல்லமாட்டீங்கன்னு இப்பதானே சொன்னேன்? அரைமணி நேரம்கூட ஆகலையே," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு, "தம்பியைக் கூப்பிடணும்," என்றார். அக்கா பழக்கத்தில் தன் போனை எடுத்து நீட்டினார். "அது வேணாம்," என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார் மாஸ்டர். ஜன்னலோரம் சார்ஜில் இருந்த அவருடைய போனை அக்கா எடுத்துக் கொடுத்தார்.

"டேய்," என்றார் தம்பியிடம். "சாயங்காலம் வா. குளிக்கணும்."

போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: "அடுத்த முறையிலேருந்து வேற யாராவது வரட்டும்."

"சரி மாஸ்டர். கட்டு நனையாம பாத்துக்குங்க."

மாஸ்டர் ஏஜென்சிக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். அது நியாயம்தான் என்று அக்காவே நினைத்தார். விளக்கம் கேட்டபோது நடந்ததை நடந்தபடி எழுதினார். ஆபீஸ் போன் கேட்டதையும், பையில் இடம் இருக்கா என்ற பதிலையும் சேர்த்து எழுதினார். அந்த வரிதான் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமே மற்ற மூன்று நர்ஸ்களுக்கும் ஆபீஸ் போன் கொடுத்தார்கள் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்.

மாப்பிள்ளை வருத்தப்பட்டார். "தப்பு என் மேலயும் இருக்கு அத்தை. நான் யோசிச்சிருக்கணும்." தன் பக்கத்தில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அக்காவின் போனுக்கும் அந்த வீட்டுக்கும் இருந்த இணைப்பையே அறுத்துவிட்டார். அதுதான் பத்திரம். நாய், குடை எல்லாம் அதோடு நின்றது.

போனில் மிச்சமிருந்த படங்களை அக்கா தானே அழித்தார். மொத்தமாக அழிக்கும் வழியைக் கடைக்காரர் காட்டியிருந்தார். ஆனால் அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அழித்தார். இரண்டு மத்தியானம் ஆயிற்று. முதுகில் படுக்கைப் புண்ணோடு நாலு மாதம் கிடந்து, ஒருநாள் எழுந்து உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்ட டெய்லர். நெருப்பு பட்ட கையைத் துணியால் மறைத்துக்கொண்டே இருந்த கல்லூரிப் பெண். புண் ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்த ஒரு கிழவர்; அவருடைய கடைசிப் படத்துக்கு முந்தின படத்தில் ஓரத்தில் அவர் மனைவியின் விரல் தெரிந்தது. சீட்டைப் பிடித்திருந்த விரல். யாரிடமும் ஒருநாளும் சொல்லாத மனிதர்கள். ஒவ்வொருவரையும் ஒருமுறை பார்த்து, அனுப்பிவைப்பதுபோல் அழித்தார். அழித்து முடித்ததும் வீடு இன்னும் அமைதியானதுபோல் இருந்தது. எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.

டிவியில் தன் படங்கள் வருவதில்லை என்பதை மகள் எப்போது கவனிப்பாள் என்று அக்கா காத்திருந்தார். ஒரு ஞாயிறு போயிற்று. இரண்டு, மூன்று. ஐந்தாவது ஞாயிறு பேச்சுவாக்கில் மகள், "ஆமா, இப்பல்லாம் உன் படம் வர்றதில்ல இல்ல?" என்றாள்.

"நிறுத்தியாச்சும்மா. அன்னைக்கே."

"ஓ," என்றாள் மகள். பிறகு மாமியாரின் கண் ஆபரேஷன் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

அக்காவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் வேலை கிடைத்தது. அங்கே உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எட்டு மணி நேரம். முதல் சில நாள் வெளியே வந்ததும் ஆவலாக எடுத்துப் பார்ப்பார். யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். ஏஜென்சியில் இருந்தபோது வேளைகெட்ட வேளையில் எல்லாம் நோயாளிகள் கூப்பிடுகிறார்களே என்று அலுத்துக்கொண்டவர்தான். அதுவும் ஒரு துணையாகத்தான் இருந்திருக்கிறது என்று இப்போது தெரிந்தது.

ஒருநாள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டர் வரிசையில் மாஸ்டரின் தம்பி நின்றார். அக்கா பார்க்காததுபோல் போகப் பார்த்தார். தம்பியே வரிசையை விட்டு வந்தார்.

"அண்ணனுக்கு ஆறிடுச்சு. ஷூ போட்டு நடக்கறார். டாக்டர் டெஸ்ட் பண்ணிச் சரின்னுட்டார். கார் கத்துக்கறதை நிறுத்தினவங்கள்ல பாதிப்பேர் திரும்பி வந்திருக்காங்க."

"சந்தோஷம்ப்பா."

"உங்களைப் பத்திப் பேச்செடுத்தா வாயே திறக்கமாட்டார். போன வாரம்தான் அவரா சொன்னார், அந்தம்மா போடற கட்டு இறுக்கமும் இருக்காது, தளர்வும் இருக்காதுன்னு." தம்பி தயங்கினார். "நீங்க அன்னைக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் அண்ணன் இல்லாதவனா ஆகியிருப்பேன்."

சொல்லிவிட்டு வரிசையில் தன் இடத்துக்கு ஓடினார்.

சம்பந்தியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததும் பார்க்க வரச்சொல்லி அழைப்பு வந்தது. அக்கா போனார். ஹாலில் டிவியில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏதோ மலை, பனிமூட்டம், சால்வை போர்த்திய மகள், தொப்பி வைத்த மாப்பிள்ளை.

"எப்பம்மா போனீங்க?"

"அது போன மாசம். சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றாள் மகள். அக்கா, "இடம் நல்லா இருக்கு," என்றார்.

திரும்பும்போது மகள் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பஸ் வருவதாக இல்லை.

"அந்த மாஸ்டருக்கு என்னம்மா ஆச்சு? கால் ஆறிச்சா? கீழ்வீட்டு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா."

மகள் சிரித்தாள். "என்கிட்டகூடவா?"

"உன்கிட்டகூடத்தான்."

மகளின் சிரிப்பு மெல்ல நின்றது. அம்மாவின் முகத்தை அவள் அப்போதுதான் நேராகப் பார்த்ததுபோல் இருந்தது. "அப்ப நீ யார்கிட்டதான்மா பேசுவ?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "அடுத்த ஞாயிறு நானே அங்க வரேன்," என்று மகள் கீழே நின்று சொன்னாள். அக்கா தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு மகள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, சொல்லாமல், தனியாக வந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தவள் ஆறு மணி வரை இருந்தாள்.